சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேர்பெற்ற மாணவர், ஆசிரியர் பட்டியலைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி?

துறை ஆண்டுமலர், முன்னாள் மாணவர் சங்கத்தின் இணையப் பக்கம், கண்காட்சிப் பலகை என்று ஏதாவது ஒன்றுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெருமைக்குரியவர்கள் பட்டியலை யாராவது தொகுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சி.வி. ராமன், சந்திரசேகர், ராதாகிருஷ்ணன், அப்துல் கலாம் என்று முதல் பத்துப் பெயர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த நால்வரும் படித்தது மாநிலக் கல்லூரியிலும் கிறித்துவக் கல்லூரியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும். பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம். இதைச் சொல்லாமல் "சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்" என்று மட்டும் எழுதினால் மூன்று கல்லூரிகளும், பின்னால் பிரிந்துபோன பல்கலைக்கழகங்களும் அதே பெயருக்கு உரிமை கேட்கும். எது சரி என்று வாசகருக்குத் தெரியாது.

ஆகவே பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று விவரம் கட்டாயம்: என்ன வகைத் தொடர்பு, எந்தக் கல்லூரி அல்லது துறை வழியாக, எந்த ஆண்டில். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அந்தப் பெயர் வரைவிலேயே காத்திருக்கட்டும்.

எல்லை எதுவரை என்று முதலில் பாருங்கள்

1857 செப்டம்பர் 5-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பின்பற்றியது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. தென்னிந்தியா முழுவதும் அதன் எல்லைதான். கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் அது நீண்டது: முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற யாழ்ப்பாணத்தார். தாமோதரம்பிள்ளையின் பட்ட ஆண்டை 1857 என்றும் 1858 என்றும் நூல்கள் இரு விதமாகத் தருகின்றன. தேர்வு நடந்த ஆண்டும் பட்டமளிப்பு நடந்த ஆண்டும் வேறாக இருக்கும்போது இப்படிப்பட்ட குழப்பம் எளிதில் வரும். எந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, பட்டியல் முழுவதும் அதையே கடைப்பிடியுங்கள். தேர்வு ஆண்டே வசதி. வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கின்றன.

பிறகு எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. பட்டியல் தொகுப்பவர் மேசையில் இந்த ஆண்டுகள் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்: மைசூர் 1916, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937, மதுரை 1966, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1971, அண்ணா 1978, பாரதியார், பாரதிதாசன் இரண்டும் 1982, மனோன்மணியம் சுந்தரனார் 1990, பெரியார் 1997, திருவள்ளுவர் 2002. மருத்துவக் கல்லூரிகள் 1980களின் இறுதியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், சட்டக் கல்லூரிகள் 1990களின் பின்பாதியில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் போயின.

பயன்படுத்தும் முறை எளிது. ஒருவர் பட்டம் பெற்ற ஆண்டையும், அவருடைய கல்லூரி இன்று சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டம் முந்தியது என்றால் அது பெரும்பாலும் சென்னைப் பட்டம்.

அப்துல் கலாம் தூய வளனார் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தது 1954. அந்தக் கல்லூரி இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் 28 ஆண்டு கழித்துத்தான் பிறந்தது. ஆகவே அவர் பெற்றது சென்னைப் பட்டம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் படித்த வானூர்திப் பொறியியல் தனி வரி. எம்.ஐ.டி. அப்போது தன் பெயரிலேயே டிப்ளமோ கொடுத்தது. 1978-இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பானது. அந்தப் படிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வர்கீஸ் குரியன் லயோலா கல்லூரியில் 1940-இல் இயற்பியலும் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ள கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-இல் பொறியியலும் முடித்தவர். இரண்டும் சென்னைப் பட்டங்கள். கணினி அறிவியலுக்கான டியூரிங் விருதை 1994-இல் பெற்ற ராஜ் ரெட்டி கிண்டியில் 1958-இல் கட்டடப் பொறியியல் பட்டம் வாங்கியவர், அதுவும் அப்படியே. எம்.எஸ். சுவாமிநாதன் கோவை வேளாண் கல்லூரியில் பட்டம் பெற்ற காலத்தில் அங்கே தனி வேளாண் பல்கலைக்கழகம் கிடையாது. விசுவேசுவரய்யாவும் ராஜாஜியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள். அவர்களை மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் என்று எழுதுவது காலப்பிழை.

இதற்காக அண்ணா பல்கலைக்கழகம் குரியனைத் தன் பட்டியலில் வைக்கக் கூடாது என்று வாதாட வேண்டாம். கிண்டிக் கல்லூரியின் மரபு முழுவதும் அவர்களுடையது. கல்லூரியின் மாணவர் என்ற வகையில் அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நம் பட்டியலில் "கிண்டி பொறியியல் கல்லூரி, 1943, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்" என்று எழுதினால் இரண்டு உரிமையும் நிற்கும்.

கல்லூரியின் இடத்திலும் கவனம் தேவை. கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-இல். ராதாகிருஷ்ணன் படித்தது அதற்கு முன், ஜார்ஜ் டவுனில். பச்சையப்பன் கல்லூரி சேத்துப்பட்டுக்கு வந்தது 1940-இல். அறிஞர் அண்ணா படித்து முடித்தது அதற்கு முன்பே. இன்றைய வளாகத்தின் படத்தைப் போட்டு "இங்கேதான் படித்தார்" என்று எழுதும் தவறு கண்காட்சிப் பலகைகளில் நிறைய வருகிறது.

தொடர்பின் வகையைப் பிரிப்பது

அதிகத் தகராறு வருவது இங்கேதான். விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்டில்) தொடர்பு வகைக்கு ஒரு தனி நெடுவரிசை போட்டு, பட்டம் பெற்றவர், பட்டமின்றிப் படித்தவர் அல்லது ஆய்வு செய்தவர், பல்கலைக்கழகத் துறை ஆசிரியர், இணைப்புக் கல்லூரி ஆசிரியர், நிர்வாகி, மதிப்புறு பட்டம் பெற்றவர் என்று ஆறு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு குறியீடு வரலாம். குறியீடு இல்லாமல் யாரும் வரக் கூடாது.

இந்தப் பிரிவினை ஏன் வேண்டும் என்பதற்கு ராமானுஜன் ஒருவரே போதும். "சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி" என்று அவரை எழுதினால் தவறு. "பல்கலைக்கழகத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை, அவரைத் தோற்கடித்ததுதான் மிச்சம்" என்று எழுதினால் அதுவும் தவறு. நடந்தது இது: 1903-இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பனிலிருந்து எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1913 மே 1 முதல் பல்கலைக்கழகமே அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் ஆய்வறிக்கை தர வேண்டும். அப்படித் தந்த மூன்று அறிக்கைகள் கணித உலகம் இன்றும் படிப்பவை. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் புறப்பட்டபோதும் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக்கு 250 பவுன் உதவியோடுதான் போனார். அவருடைய பி.ஏ. 1916-இல் கேம்பிரிட்ஜ் கொடுத்தது.

இவ்வளவும் பட்டியலில் இரண்டு வரிக்குள் அடங்கும்: "சீனிவாச ராமானுஜன் (1887–1920), கணிதம். பட்டம் பெறவில்லை, 1913 மே முதல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர், மாதம் 75 ரூபாய் உதவித்தொகை." பட்டம் இல்லாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க முன்வந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி. அதை மறைத்துவிட்டுப் பட்டதாரி என்று பொய்யாக எழுத வேண்டிய தேவையே இல்லை.

அன்னா மணிக்கும் இதே கவனம் வேண்டும். வானிலைக் கருவிகளில் நாட்டுக்கே வழிகாட்டிய அவர் மாநிலக் கல்லூரியில் 1939-இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமனிடம் ஆய்வு செய்து, 1945-இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. எனவே ஆனர்ஸ் பட்டதாரி என்ற குறியீட்டில் அவர் வருவார். பெயருக்கு முன்னால் "டாக்டர்" வராது. இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. அறிவியல் கழகம் தானே பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1958-க்குப் பிறகுதான். அதற்கு முன் அங்கே ஆய்வு செய்தவர்களுக்குப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் சென்னையின் பட்டியலில் வர வேண்டிய பெயர்கள் கிடைக்கும்.

மெட்ரிகுலேஷன் தனியாகச் சொல்ல வேண்டியது. அந்நாளில் பள்ளி இறுதியில் எழுதும் அந்தத் தேர்வைப் பல்கலைக்கழகமே நடத்தியது. பழைய வாழ்க்கை வரலாறுகளில் "சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் தேறினார்" என்று வந்தால் பாதி நேரம் அது பள்ளித் தேர்வுதான். எஃப்.ஏ. என்பது கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டு. இவை பட்டங்கள் அல்ல. எல்.டி. ஆசிரியர் பயிற்சிக்கு, பி.எல். சட்டத்துக்கு, எல்.எம்.எஸ். மருத்துவத்துக்கு. உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெற்றது எல்.எம்.எஸ்.; எம்.பி.பி.எஸ். என்று திருத்தி எழுதாதீர்கள்.

மதிப்புறு பட்டம் பெற்றவர்களை முன்னாள் மாணவர் வரிசையில் சேர்க்கவே கூடாது. உ.வே. சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் டி.லிட். வழங்கியது, அவர் அங்கே மாணவர் அல்லர். கும்பகோணம் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியர். ஆகவே அவருக்குக் கல்லூரி ஆசிரியர், மதிப்புறு பட்டம் என்று இரண்டு குறியீடு. அறிஞர் அண்ணாவுக்கு இது தலைகீழ்: பச்சையப்பன் வழியாகச் சென்னைப் பட்டதாரி; 1968-இல் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

பிறந்த ஊரை வைத்து முடிவு கட்டாதீர்கள். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில். பட்டம் பெற்றது பரோடாவில். நோபல் என்ற ஆசையில் எந்தத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் அவரைச் சேர்க்க வழியில்லை.

ஆசிரியர் பட்டியல்

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தாமே பாடமும் ஆய்வும் நடத்த வழி திறந்தது. இந்தியப் பொருளியலுக்குப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தது 1915-இல். அதற்கு முந்திய காலத்தில் ஒருவரைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அநேகமாக அவர் மாநிலக் கல்லூரியிலோ கிறித்துவக் கல்லூரியிலோ பணியாற்றியவர். ராதாகிருஷ்ணன் 1909 முதல் மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். அவர் கல்லூரி ஆசிரியர் வரிசைக்கு உரியவர், துறை ஆசிரியர் வரிசைக்கு அல்ல.

துறை ஆசிரியர்களில் முதலில் எடுக்க வேண்டிய பெயர்கள்: வரலாற்றில் 1929-இல் பொறுப்பேற்ற கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. தமிழில் எஸ். வையாபுரிப்பிள்ளை, ரா.பி. சேதுப்பிள்ளை, மு. வரதராசன். சமஸ்கிருதத்தில் வே. ராகவன். தத்துவத்தில் டி.எம்.பி. மகாதேவன். தாவரவியலில் பாசி ஆய்வுக்குப் பேர்போன எம்.ஓ.பி. அய்யங்கார், பின் டி.எஸ். சதாசிவன். இயற்பியலில் ஜி.என். ராமச்சந்திரன், அல்லாடி ராமகிருஷ்ணன். வையாபுரிப்பிள்ளைக்கு இரண்டு வரி தேவை. பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை, அதன்பின் தமிழ்த் துறைத் தலைவராக 1946 வரை. இந்த இரண்டையும் கலந்து "1926-இல் தமிழ்த் துறைத் தலைவரானார்" என்று எழுதிவிடுவார்கள்.

ஆசிரியர் பட்டியலில் மிக முக்கியமான சோதனை ஒன்று உண்டு: சாதனை நடந்த ஆண்டு, பணியாற்றிய காலத்துக்குள் விழுகிறதா? ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தை கோபிநாத் கர்த்தாவோடு வெளியிட்டது 1954. உலகம் முழுவதும் புரத ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம், சி. ராமகிருஷ்ணனோடும் வி. சசிசேகரனோடும் சேர்ந்து 1963-இல் வந்தது. பெங்களூருக்கு அவர் போனது 1970களின் தொடக்கத்தில். எனவே இரண்டும் சந்தேகமில்லாமல் சென்னையில் நடந்த வேலை. இப்படிப்பட்டவருக்கு நான்கைந்து வரி ஒதுக்குவது நியாயம். ராமன் விளைவு 1928-இல் கல்கத்தாவில் நிகழ்ந்தது, ராமனைச் சென்னையின் மாணவராகவும் (பி.ஏ. 1904, எம்.ஏ. 1907) கல்கத்தாவின் பேராசிரியராகவும் காட்ட வேண்டும். எஸ்.ஆர். சீனிவாச வரதன் மாநிலக் கல்லூரியில் 1959-இல் பட்டம் பெற்றவர். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கித் தந்த ஆய்வுகள் அமெரிக்காவில் செய்தவை.

துணைவேந்தர்களுக்குத் தனி வரிசை போடுங்கள். ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். அவரை ஆசிரியர் வரிசையில் கலந்தால் அவர் காலத்தில் பல்கலைக்கழகம் வளர்ந்த விதம் கண்ணில் படாமல் போகும்.

ஒரே பெயரில் இருவர்

எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் இரண்டு இயற்பியலாளர்கள். இருவருமே ராமனின் உறவினர்கள்: முதலாமவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இருவருமே லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910-இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் 1930-இல் பட்டம், 1983-இல் நோபல். மற்றவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930-இல் பிறந்தவர், திரவப் படிக ஆய்வாளர், நாகபுரியில் படித்தவர். முதலெழுத்தை (இனிஷியலை) விரிக்காமல் எழுதினால் ஒருவரின் ஆண்டு மற்றவரின் வரியில் போய் உட்காரும். முதலியார் இரட்டையரும் அப்படித்தான்: லட்சுமணசாமி மருத்துவர், துணைவேந்தர், ராமசாமி வழக்கறிஞர், அரசியலாளர், ராஜதந்திரி. பிறந்த நாள் இருவருக்கும் ஒன்றே, படமும் குழம்பும்.

முதலெழுத்தை விரித்து எழுதுவதும், பிறப்பு இறப்பு ஆண்டு சேர்ப்பதும் இதற்கு மருந்து. அகரவரிசை இயற்பெயரின்படி இருக்கட்டும், இனிஷியலின்படி வேண்டாம். ராமன், இராமன் இரண்டில் ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே எழுதுங்கள். பழைய ஆவணங்களைத் தேடும்போது ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும். தாமோதரம்பிள்ளை "டாமோதரம்" என்றும் இருப்பார். சாதிப் பட்டம் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்.

ஆதாரம் எங்கே

முதல் ஆதாரம் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்காட்டி நூல்கள். பழைய ஆண்டுகளில் பட்டதாரிகளின் பெயர், கல்லூரி, வகுப்பு எல்லாம் அச்சாகியிருக்கும். பல தொகுதிகள் இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) படியெடுத்துக் கிடக்கின்றன. எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சைச் சரியாகப் படிக்காது. சொல் தேடலில் அகப்படவில்லை என்றால் இல்லை என்று முடிவு செய்யாமல் கல்லூரிவாரியாகப் பக்கம் புரட்டுங்கள். தேர்வு முடிவுகள் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழிலும் வெளியாகின. 1957 நூற்றாண்டு விழாவின்போது வெளிவந்த வரலாற்றுத் தொகுதிகள் துறைகள் தொடங்கிய ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும். கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் கல்லூரி மலர்களையும் பழைய இதழ்களையும் கேட்டுப் பாருங்கள். அறிவியலாளர்களுக்கு ராயல் சொசைட்டியின் நினைவுக் கட்டுரைகளும் நோபல் அமைப்பின் வாழ்க்கைக் குறிப்பும் நம்பலாம்; படித்த கல்லூரியும் ஆண்டும் அவற்றில் இருக்கும்.

நினைவு மலர் ஒன்றை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். மலர்க் குழு இணையத்தில் பார்த்து எழுதும்; இணையக் கட்டுரை பிறகு அந்த மலரையே சான்று காட்டும். இரண்டு ஆதாரம் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் ஒன்றுகூட இராது. ஒன்று கல்வி ஆவணம், மற்றொன்று வேறொருவர் எழுதிய வாழ்க்கை வரலாறு என்று தனித்தனியாக இரண்டு வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஆவணத்துக்கே முன்னுரிமை.

வேறு வழியில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பெயர், கல்லூரி, தேர்வு, உத்தேச ஆண்டு நான்கையும் கொடுத்து, "பட்டமளிப்புப் பதிவேட்டில் இப்பெயர் உள்ளதா" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். மதிப்பெண் கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று மறுப்பார்கள்; உயிரோடு இருப்பவர் விவரம் கேட்டாலும் மறுக்க வாய்ப்பு உண்டு.

தேர்வும் பராமரிப்பும்

யாரைச் சேர்ப்பது என்பதில் ஓர் அளவுகோல் போதும்: அந்த மனிதரைப் பற்றி, அவரோடும் கல்லூரியோடும் சம்பந்தமில்லாத ஒருவர் விரிவாக எழுதியிருக்க வேண்டும். பதவி மட்டும் போதாது. முதல் வரைவு முடிந்ததும் துறைவாரியாக எண்ணிப் பாருங்கள். அரசியலும் சினிமாவும் பாதிக்கு மேல் இருந்தால் தேடல் அரைகுறை. பெண்களின் பெயர் ஒன்றிரண்டுதான் என்றால் அதுவும் அப்படியே. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்த முத்துலட்சுமி ரெட்டி எல்லாப் பட்டியலிலும் இருப்பார். ராணி மேரி, மாநிலக் கல்லூரி வழியாக வந்து, கடைசிக் காலம்வரை பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் பல பட்டியல்களில் விடுபட்டுப்போகிறார். அவருக்குப் பட்டதாரி, ஆய்வாளர் இரண்டு குறியீடும் பொருந்தும்.

ஒரு வரியின் முழு வடிவம் இப்படி இருக்கட்டும்: "ராஜ் ரெட்டி, கணினி அறிவியல், கிண்டி பொறியியல் கல்லூரி, பி.இ. (கட்டடப் பொறியியல்), 1958, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில். டியூரிங் விருது 1994." ஆதாரத்துக்கு விரிதாளில் இரண்டு தனி நெடுவரிசை, நூல் பெயரோடு பக்க எண்ணும் சேர்த்து. உயிரோடு இருப்பவர்களுக்குப் பிறந்த தேதி, முகவரி, குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். படிப்பும் பணியும் போதும்.

வெளியிட்ட பிறகு திருத்தம் கேட்டுக் கடிதம் வரும். ஆதாரம் இணைத்து வந்தால் சரிபார்த்து மாற்றி, மாற்றிய தேதியை விரிதாளில் குறியுங்கள். ஆதாரமில்லாமல் "எங்கள் தாத்தாவும் அங்கேதான் படித்தார்" என்று வந்தால் கல்லூரி, ஆண்டு, பட்டம் மூன்றையும் கேட்டுப் பதில் எழுதுங்கள். அப்படி வரும் கடிதங்களிலிருந்து நாட்காட்டியில் தேடிப் பார்க்கத் தக்க பெயர்கள் கிடைக்கும். அவற்றைத் தனித் தாளில் சேர்த்துவையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, நிறுவன நாளான செப்டம்பர் 5-க்கு முன், இறந்தவர்களின் ஆண்டையும் புதிய விருதுகளையும் கல்லூரி இணைப்பு மாற்றங்களையும் சரிபார்த்துப் புதிய பதிப்பு போடலாம்.